பதில்கள் மட்டும் மிஞ்சிய வரலாறு

மேலைத் தத்துவ வரலாற்றை இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். பாடத்திட்டம் பெரிதாக மாறியதில்லை. சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று தொடங்குவோம். நடுக்காலத்தை இரண்டு வகுப்புகளில் தாண்டி, தெகார்த்தின் கையைப் பிடித்துக்கொண்டு நவீன காலத்துக்குள் நுழைவோம். ஸ்பினோசா, லைப்னிட்ஸ், லாக், பெர்க்லி, ஹியூம் என்று நடந்து காண்ட்டில் முடிப்போம். தேர்வுக்கு வரும் பெயர்கள் இவை. ஒன்றுகூடப் பெண் பெயர் இல்லை என்பது எனக்கு வெகுகாலம் உறுத்தவில்லை. அந்தக் காலத்தில் பெண்களைப் படிக்கவிடவில்லை, அதனால் தத்துவத்தில் பெண்கள் இல்லை என்று நானே வகுப்பில் விளக்கமும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் தெகார்த் வகுப்பு. மனம் என்பது சிந்திக்கும் பொருள். அதற்கு நீளமில்லை, அகலமில்லை, எடையில்லை. உடல் என்பது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பொருள்; அது சிந்திப்பதில்லை. இரண்டும் முற்றிலும் வேறானவை. இதைக் கரும்பலகையில் இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதிப் போட்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “மனசுக்கு எடையே இல்லைன்னா, அது என் கையை எப்படி மேம் தூக்கும்?”

வகுப்பு சிரித்தது. “நல்ல கேள்வி. இதற்கு மனம்–உடல் சிக்கல் என்று பெயர். பின்னால் வந்தவர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

நான் சொன்ன பதில் தவறு. அந்தக் கேள்வி பின்னால் வந்தவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. தெகார்த் உயிரோடு இருந்தபோதே, 1643 மே மாதத்தில், 24 வயதுப் பெண் ஒருவர் அதை அவரிடமே எழுதிக் கேட்டார். அவர் பெயர் எலிசபெத். தெகார்த் 1644இல் வெளியிட்ட ‘தத்துவத்தின் கோட்பாடுகள்’ நூல் ஓர் இளவரசிக்குக் காணிக்கையாக்கப்பட்டது என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். புரவலருக்குப் புலவர் எழுதும் முகமன் என்று நினைத்து அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனவள்தான் நான்.

எலிசபெத் 1618ஆம் ஆண்டு ஹைடல்பெர்க்கில் பிறந்தவர். தந்தை ஃபிரெடெரிக் பொஹிமியாவின் அரியணையை ஏற்று ஓராண்டு முடிந்த சிறிது காலத்திலேயே, 1620இல் வெள்ளை மலைப் போரில் தோற்று அதை இழந்தார். ஒரே ஒரு குளிர்காலம் ஆண்டவர் என்று ஐரோப்பா அவரைக் கேலி செய்தது. தாய் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் மகள். நாடிழந்த குடும்பம் நெதர்லாந்தின் ஹேக் நகரில் தஞ்சம் புகுந்தது. எலிசபெத் வளர்ந்தது அங்கேதான். லத்தீனும் கணிதமும் வீட்டிலேயே கற்றார். உடன்பிறந்தவர்கள் அவருக்கு ‘கிரேக்கக்காரி’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். போலந்து மன்னரோடு திருமணப் பேச்சு வந்தபோது, அதற்காகக் கத்தோலிக்க மதத்துக்கு மாற வேண்டும் என்பதால் மறுத்துவிட்டார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

அவருடைய முதல் கடிதம் கேட்டது இதுதான். ஒரு பொருள் இன்னொன்றை நகர்த்த வேண்டுமானால் அதைத் தொட வேண்டும், தள்ள வேண்டும். தொடுவதற்கு மேற்பரப்பு வேண்டும். ஆன்மாவுக்கு இடப்பரப்பே கிடையாது என்கிறீர்கள். அப்படியானால் சிந்திப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஆன்மா உடலை எப்படி அசைக்கிறது?

இதை முதலில் கேட்டவர் எலிசபெத் என்று சொல்ல முடியாது. கஸ்ஸெந்தி என்ற பிரெஞ்சு அறிஞர் 1641லேயே இதையொட்டிய ஐயத்தை எழுப்பியிருந்தார். தெகார்த் எரிச்சலோடு அதைத் தள்ளிவிட்டார். எலிசபெத்துக்கு எழுதும்போது தொனி வேறு. தான் வெளியிட்ட நூல்களைப் படித்தவர் தன்னிடம் கேட்பதற்கு இதைவிட நியாயமான கேள்வி இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆன்மாவும் உடலும் வேறுவேறு என்று நிறுவுவதிலேயே கவனமாக இருந்துவிட்டதால், அவை சேர்ந்திருப்பதைப் பற்றி அநேகமாக எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டதையும் ஒப்புக்கொண்டார். பிறகு ஓர் உவமை சொன்னார். கல்லின் கனம் கல்லைக் கீழே இழுக்கிறது. கனம் என்பது கையை வைத்துத் தள்ளுவது போலக் கல்லைத் தள்ளுவதாக நாம் நினைப்பதில்லையே, ஆன்மா உடலை அசைப்பதையும் அப்படிப் புரிந்துகொள்ளலாம் என்றார்.

எலிசபெத் விடவில்லை. கனத்தைத் தனிப்பொருள் போல நினைப்பதே பிழை என்று சொல்பவர் நீங்கள். பிழை என்று நீங்களே ஒதுக்கிய ஒன்றைக் கொண்டு ஆன்மாவை எப்படி விளக்குகிறீர்கள் என்று ஜூன் மாதக் கடிதத்தில் கேட்டார். பொருளல்லாத ஒன்று உடலை அசைக்கும், உடலால் அசைக்கப்படும் என்று ஏற்பதைவிட, ஆன்மாவுக்கும் பருமையும் பரப்பும் உண்டு என்று ஒப்புக்கொள்வது தனக்கு எளிது என்றார். அதோடு இன்னொன்றையும் சேர்த்தார். நன்றாகச் சிந்திக்கப் பழகிய ஒருவர்கூட உடலில் ஏறும் ஏதோ ஓர் ஆவியால் அந்தத் திறனையே இழந்துவிடுகிறாரே, உடலின் தயவில்லாமல் தனித்து நிற்கக்கூடிய ஆன்மாவுக்கு அது எப்படி நேரும்?

அதே கடிதத்தில் வீட்டுப் பொறுப்புகளும் குடும்பத்தின் நலன் குறித்த கடமைகளும் தன் நேரத்தைத் தின்றுவிடுவதையும் எழுதியிருந்தார். தெகார்த் ஆறுதலாகப் பதில் எழுதினார். தான்கூட அறிவை மட்டும் கொண்டு செய்யும் ஆராய்ச்சிக்கு ஆண்டுக்குச் சில மணி நேரமே ஒதுக்குவதாகவும், ஆன்மாவும் உடலும் ஒன்றாயிருப்பதை அன்றாட வாழ்க்கையிலும் சாதாரணப் பேச்சிலுமே உணர முடியும் என்றும் சொன்னார். எலிசபெத்தின் மறுமொழியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன். ஆன்மா உடலை அசைக்கிறது என்பதைப் புலன்கள் எனக்குக் காட்டுகின்றன. எப்படி அசைக்கிறது என்பதை அவை எனக்குக் கற்பிப்பதில்லை. இதுதான் அந்த மறுமொழியின் சாரம். பணிவான கடிதம்தான். ஆனால் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பதை அது தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

கடிதங்கள் ஆறரை ஆண்டுகள் தொடர்ந்தன. 1645இல் எலிசபெத் விடாத காய்ச்சலும் வறட்டு இருமலுமாகப் படுத்தார். துக்கமே இதற்குக் காரணம் என்றும், அறிவால் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றும் தெகார்த் எழுதினார். பண்டை ரோமானியரான செனெகாவின் நூலைச் சேர்ந்து படிக்கலாம் என்றார். படித்தார்கள். மகிழ்ச்சி நம் சித்தத்தைப் பொறுத்தது என்ற போதனையை எலிசபெத் அப்படியே ஏற்கவில்லை. அறிவையே பறித்துவிடும் நோய்கள் இருக்கின்றனவே, அவர்கள் எதைக் கொண்டு மனதைத் திடப்படுத்துவார்கள் என்று கேட்டார். உணர்ச்சிகள் என்றால் என்னவென்று வரையறுத்துச் சொல்லுங்கள் என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் தெகார்த் அடுத்த குளிர்காலத்தில் எழுத உட்கார்ந்தார். முதல் வரைவைப் படித்து 1646இல் கருத்துச் சொன்னவரும் எலிசபெத்தே. அதுதான் 1649இல் ‘ஆன்மாவின் உணர்ச்சிகள்’ என்ற நூலாக வெளிவந்தது. தெகார்த் வாழ்நாளில் வெளியிட்ட கடைசி நூல் அது. அதே ஆண்டு ஜனவரியில் எலிசபெத்தின் தாய்மாமன், இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டிருந்தது. மனதைத் திடப்படுத்துவது என்பது அவருக்கு ஏட்டுப் பாடமாக இருக்கவில்லை.

தெகார்த் 1650 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் இறந்தார். அவருடைய தாள்களுக்கிடையே எலிசபெத்தின் கடிதங்கள் இருந்தன. அவற்றை வெளியிட அனுமதி கேட்டபோது எலிசபெத் இசையவில்லை. நாடிழந்து, உறவினர் தயவில் காலந்தள்ளும் குடும்பத்தின் மகள் தன் நோயையும் துயரையும் எழுதிய கடிதங்கள் அவை. அவற்றை ஊர் படிக்கட்டும் என்று விடுவது எளிதல்ல. அதனால் 1657 முதல் தெகார்த்தின் கடிதத் தொகுப்புகள் அச்சேறியபோது, எலிசபெத்துக்கு அவர் எழுதியவை மட்டும் அச்சாயின. எலிசபெத் எழுதியவை இல்லை. பின்னர் ஆர்ன்ஹெம் நகருக்கு அருகிலுள்ள ஒரு கோட்டையின் நூலகத்தில் அவற்றின் படிகள் கிடைத்து, ஃபூஷே த கரேய் என்ற பிரெஞ்சுக்காரர் 1879இல் பதிப்பித்தார். இடையில் 222 ஆண்டுகள். அத்தனை காலமும் படித்தவர்களுக்குத் தெகார்த்தின் பதில்கள் கிடைத்தன, கேள்விகள் கிடைக்கவில்லை. கேள்வியில்லாமல் பதிலை மட்டும் படித்தால் என்ன தோன்றும்? ஒரு மேதை ஓர் இளவரசிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததாகத்தான் தோன்றும்.

கடிதங்கள் அச்சேறிய பிறகும் அந்தத் தோற்றம் கலையவில்லை. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1945இல் வெளியிட்ட ‘மேலைத் தத்துவ வரலாறு’ பல தலைமுறை மாணவர்களைத் தத்துவத்துக்குள் கைபிடித்து அழைத்துச் சென்ற நூல். நானும் அதில் தொடங்கியவள்தான். அதில் எலிசபெத் வருகிறார். உணர்ச்சிகள் பற்றிய நூல் யாருக்காக முதலில் எழுதப்பட்டது என்று சொல்லும் ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டுப் போகிறார். அதே நூலில் அலெக்சாண்ட்ரியாவின் ஹைபேஷியாவும் வருகிறார், கும்பல் அவரைக் கொன்ற செய்திக்காக. ஒருவர் நூலைப் பெற்றுக்கொண்டவர், இன்னொருவர் கொலையுண்டவர். இருவரும் என்ன சிந்தித்தார்கள் என்பது அங்கே இல்லை.

பெண்களைப் படிக்கவிடவில்லை என்று நான் சொல்லிவந்த விளக்கத்தில் உண்மை உண்டு. உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 1636இல் தொடங்கியபோது, அன்னா மரியா வான் ஷூர்மன் மற்ற மாணவர் கண்ணில் படாதபடி மறைப்புக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டார். எலெனா கொர்னாரோ பிஸ்கோபியா இறையியல் பட்டம் கேட்டபோது ஆயர் தடுத்தார். 1678இல் பாதுவா பல்கலைக்கழகம் தத்துவத்தில் முனைவர் பட்டம் வழங்கியது. இத்தாலியில் அடுத்த பெண்ணுக்குப் பட்டம் கிடைக்க, 1732இல் பொலோன்யாவில் லாரா பாஸ்ஸி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ஆன் கான்வே கேம்பிரிட்ஜுக்குள் போக முடியாது. அங்கே படித்த சகோதரனின் ஆசிரியர் ஹென்றி மோர் கடிதம் வழியாக அவருக்குக் கற்பித்தார்.

கதவு மூடியிருந்தது உண்மை. ஆனால் கதவுக்கு வெளியே சிந்தனை நின்றுவிடவில்லை. ஆன் கான்வே வாழ்நாளெல்லாம் கொடிய தலைவலியால் அவதிப்பட்டவர். ஆன்மா உடலிலிருந்து அடியோடு வேறானது என்றால் உடலின் வலியில் அது ஏன் இப்படித் துடிக்கிறது என்று கேட்டார். ஆன்மாவும் உடலும் இருவேறு பொருள்கள் அல்ல, ஒரே பொருளின் இருவேறு நிலைகளே என்று வாதிட்டார். எலிசபெத் திறந்துவைத்த கேள்விக்கு இது ஒரு முழுமையான பதில். அவர் 1679இல் இறந்தபின், 1690இல் அவர் நூல் பெயரில்லாமல் லத்தீனில் வெளிவந்தது. லைப்னிட்ஸ் அதை மதித்தார். என் பாடத்திட்டத்தில் லைப்னிட்ஸுக்கு நான்கு வகுப்புகள் உண்டு. கான்வேக்கு ஒரு வரியும் இல்லை.

அதே 1690இல்தான் ஜீல் மெனாஜ் என்ற பிரெஞ்சு அறிஞர் பெண் தத்துவவாதிகளின் வரலாறு ஒன்றை லத்தீனில் வெளியிட்டார். பழைய நூல்களிலிருந்து 65 பெண்களைத் திரட்டியிருந்தார். பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் படிப்பாளிக்குப் பெண் தத்துவவாதி என்பது கேள்விப்படாத சொல் அல்ல என்பதற்கு அந்த நூலே சான்று. எனவே இவர்கள் அவர்களுடைய காலத்தில் அறியப்படாதவர்கள் அல்லர். பின்னால் வரலாறு எழுதப்பட்டபோது விடுபட்டவர்கள்.

அமெரிக்கத் தத்துவ ஆய்வாளர் ஐலீன் ஓநீல் 1998இல் எழுதிய கட்டுரை ஒன்று இதை மறையும் மைக்கு ஒப்பிட்டது. எழுதியது இருந்தது, மை மறைந்துபோனது. எப்படி மறைந்தது? பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தத்துவ வரலாறு பல்கலைக்கழகப் பாடமாக வடிவம் பெற்றது. அறிவு எங்கிருந்து வருகிறது என்பதே மையக் கேள்வி என்று முடிவாயிற்று. பகுத்தறிவிலிருந்து என்றவர்கள் ஒரு பக்கம், அனுபவத்திலிருந்து என்றவர்கள் மறுபக்கம், இருவரையும் இணைத்தவர் காண்ட் என்று கதை அமைந்தது. இந்தக் கதைக்குப் பொருந்தாத ஆண்களும் வெளியேறினார்கள். கஸ்ஸெந்தி இன்று யாருக்கு நினைவிருக்கிறது? ஆனால் பெண்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறினார்கள். அவர்கள் எழுதியவை கடிதங்கள், பக்தி நூல்கள், அறிவுரைகள் என்று வகைபிரிக்கப்பட்டன. தெகார்த்தின் கடிதங்கள் மட்டும் தத்துவமாகவே இருந்தன.

அந்தக் கதை போய்ச் சேரும் காண்ட், 1764இல் எழுதிய நூலில், எமிலி து ஷாத்லே போல இயக்கவியல் விவாதம் செய்யும் பெண் தாடியும் வைத்துக்கொள்ளலாம் என்று கேலி செய்தவர். நியூட்டனின் ‘பிரின்சிப்பியா’வைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, விளக்கமும் எழுதிவிட்டு, 1749இல் பிள்ளைப்பேற்றையடுத்த சில நாள்களில் இறந்தவர் து ஷாத்லே. காண்ட்டை நான் கற்பிப்பதை நிறுத்தவில்லை. அந்தத் தாடியையும் சேர்த்துக் கற்பிக்கிறேன்.

உடன் பணிபுரியும் ஒருவர் நல்லெண்ணத்தோடு யோசனை சொன்னார்: “பருவத்தின் கடைசியில் ‘பெண் தத்துவவாதிகள்’ என்று ஒரு வகுப்பு எடுத்துவிடுங்களேன்.” ஓராண்டு அப்படிச் செய்தும் பார்த்தேன். மாணவர்கள் அதைத் தேர்வுக்கு வராத பாடமாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். கதை முழுதும் சொல்லி முடித்தபின் விட்டுப்போனவர்களின் பெயர்ப் பட்டியலை வாசித்தால் வேறென்ன நடக்கும்? எலிசபெத்தின் இடம் கடைசி வகுப்பு அல்ல. தெகார்த் வகுப்பின் நடு. அவரை எடுத்துவிட்டால் ‘ஆன்மாவின் உணர்ச்சிகள்’ ஏன் எழுதப்பட்டது என்பதே விளங்காது. தெகார்த்தையே நான் தவறாகக் கற்பித்தவளாகிறேன்.

இன்னொரு கண்ணியும் உண்டு. பெண் என்பதால்தான் உடலைப் பற்றிக் கேட்டார் என்று மாணவிகள் பெருமையாக எழுதுகிறார்கள். கஸ்ஸெந்தியும் கேட்டார் என்று நினைவூட்டுகிறேன். தன் பாலினத்தின் பலவீனங்கள் படிந்த உடல் தன்னுடையது என்று எலிசபெத்தே எழுதியிருக்கிறார். அவர் காலம் கற்பித்த பாடம் அது. அதை எழுதிய கையோடு வாதத்தையும் தொடர்ந்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இளவரசியையும் சீமாட்டியையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே வகுப்பில் இன்னொரு பெயரையும் சொல்கிறேன்: ஹெலெனா யான்ஸ். ஆம்ஸ்டர்டாமில் தெகார்த் தங்கியிருந்த புத்தக வியாபாரியின் வீட்டில் பணிப்பெண். 1635இல் அவருக்கும் தெகார்த்துக்கும் ஃபிரான்சீன் என்ற மகள் பிறந்தாள். ஐந்து வயதில், 1640இல், காய்ச்சலில் இறந்துபோனாள். ஆன்மாவையும் உடலையும் பிரித்துக் காட்டும் ‘தியானங்கள்’ அடுத்த ஆண்டு வெளிவந்தது. ஹெலெனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். அவரும் தெகார்த்தும் கடிதம் எழுதிக்கொண்டார்கள் என்பது தெகார்த்தின் வேறொரு கடிதத்திலிருந்து தெரிகிறது. அவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எலிசபெத்தின் கடிதங்களுக்கு ஒரு கோட்டை நூலகம் கிடைத்தது. பணிப்பெண்ணின் கடிதத்தைப் படியெடுத்து வைக்க யாரும் இல்லை. ஹெலெனா என்ன எழுதியிருப்பார் என்று நான் கற்பனை செய்வதில்லை. அந்த இடம் காலியாக இருக்கிறது என்று மட்டும் மாணவர்களுக்குக் காட்டுகிறேன்.

இப்போது தெகார்த் வகுப்பை வேறு மாதிரி தொடங்குகிறேன். இரண்டு கடிதங்களின் சாரத்தைத் தமிழில் எழுதி, பெயர்களை மறைத்து, மாணவர் கையில் கொடுக்கிறேன். ஒன்று எலிசபெத்தின் கேள்வி. மற்றொன்று தெகார்த்தின் கல்–கனம் உவமை. யார் சொல்வது சரி என்று அரை மணி நேரம் சண்டை போடுகிறார்கள். அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் கேள்வி கேட்டவர் பக்கமே கூட்டம் சேர்கிறது. கடைசியில்தான் பெயர்களைச் சொல்கிறேன். தேர்வுத்தாள் மாறவில்லை, அதில் இன்னும் தெகார்த்தின் இருமைக் கோட்பாட்டை விளக்குக என்றுதான் வருகிறது. ஆனால் விடைத்தாள்கள் மாறியிருக்கின்றன. கோட்பாட்டை எழுதி முடித்தபின் ‘இதற்கு எலிசபெத் கேட்ட கேள்வி’ என்று தனிப்பத்தி போட்டு எழுதுகிறார்கள். அதற்கு மதிப்பெண் உண்டா என்று எங்கும் சொல்லப்படவில்லை. நான் போடுகிறேன்.

மூன்றாவது பெஞ்சு மாணவி எப்போதோ படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டாள். வகுப்பே சிரித்த அன்று அவளிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது சிறிய விஷயம். இதே கேள்வியை உன்னைவிட ஐந்தாறு வயது மூத்த ஒரு பெண் தெகார்த்திடமே கேட்டார், அவரால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, உட்காராதே, மேலே கேள். அதை அவளுக்குச் சொல்லத் தவறிவிட்டேன். அடுத்தடுத்து அந்த பெஞ்சில் வந்து உட்காருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.